முன்பாதி பார்க்காதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டைனோசர் படங்களை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரை வேண்டும் என இணைய இதழ் ஒன்றிலிருந்து கேட்டார்கள். நான் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே அந்த இதழுக்குச் சினிமாக் குறிப்புகள் எழுதிக் கொடுக்கிறவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனாலோ என்னவோ, யாராவது எழுதச் சொன்னால், அது ராட்சசப் பல்லியைப் பற்றியதாகவே இருந்தாலும், பரீட்சைக்கு உட்காருகிற மாதிரிதான் உட்காருவேன். பழைய மூன்று படங்களையும் அதற்குப் பின்னால் வந்த புதிய படங்களையும் ஒன்று விடாமல் மறுபடி பார்த்தேன்.

இந்த விஷயத்தில் இணையத்தில் நடக்கிற சண்டை பெரிய சண்டை. வெளிவந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்சி. கதை நடக்கும் வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. இந்தத் தொடரைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே வரிசைதான் என்பது இரண்டு கட்சிக்காரர்களுக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் முட்டாள் என்று திட்டிக்கொள்வதில் மட்டும் குறைவில்லை. நான் பொறுமையாக எழுதினேன். முதல் படம் கட்டாயம். இரண்டாவதில் பிற்பாதி ஊருக்குள் நடப்பதால் தவறவிட வேண்டாம். மூன்றாவது குட்டிப் படம், வேலைக்குப் போகிறவர்களுக்கு உகந்தது. நாலாவதில் மூடின பூங்காவையே மறுபடி திறக்கிறார்கள். பட்டும் புத்தி வராத கூட்டம் என்று அடைப்புக்குறி போடாமலே எழுதினேன். ஐந்தாவதில் எரிமலை, பிறகு ஒரு பெரிய வீட்டுக்குள் ஏலம். ஆறாவதில் வெட்டுக்கிளி.

அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் எழுத்து வராது. ஆனால் எங்கள் தெருவில் இந்தப் படங்களை அம்மாவைவிட அதிகம் பார்த்தவர் கிடையாது. தொலைக்காட்சியில் தமிழில் போடுகிறபோதெல்லாம், சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பாள். படம் முடிகிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது.

“மொதப் படத்துல தீவுல பூங்கா கட்டுறாங்கள்ல, அங்கேருந்து ஆரம்பிக்கணும்மா” என்று வாசித்துக்கொண்டே போனேன்.

“பூங்காவா? எந்தப் பூங்கா?”

“அதாம்மா, டைனோசர உண்டாக்கி, வேலிக்குள்ள விட்டு, டிக்கெட் போட்டு...”

“உண்டாக்கியா?” அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள். “அதுக அந்தத் தீவுல தலமுற தலமுறையா இருக்குற சீவனுல்ல? இவய்ங்கதேன போயிச் சீண்டுறாய்ங்க?”

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. இத்தனை வருஷமாக அம்மா அந்த மிருகங்களைத் தீவின் சொந்தக்காரர்கள் என்று நினைத்திருக்கிறாள். மனிதர்கள் எங்கிருந்தோ ஹெலிகாப்டரில் வந்து, அதுகளின் இடத்தைப் பிடித்து, கம்பி வேலி போட்டுவிட்டார்கள். அதுக கோபப்பட்டுத் துரத்துகின்றன. துரத்தத்தானே செய்யும்? இதுதான் அம்மாவின் கதை. யாராவது கடிபட்டுச் சாகும்போது “வேணும்டா, நல்லா வேணும்” என்று அவள் சொல்வதை நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கல் மனசு என்றுதான் நினைத்திருந்தேன்.

காரணம் ரொம்பச் சாதாரணம். இந்தப் படங்களில் எதனுடைய ஆரம்பத்தையும் அம்மா பார்த்தது கிடையாது. ஒன்றின் ஆரம்பத்தைக்கூட.

அம்மா பலகாரம் போடுகிற இடத்தில் வேலை செய்கிறாள். நாலு தெரு தள்ளி ஒரு ஆச்சி வீட்டின் பின்பக்கம், இரண்டாங்கட்டில் அது நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது. கல்யாணச் சீருக்கு, வெளியூருக்கு, வெளிநாட்டுக்கு என்று முறுக்கும் சீடையும் போய்க்கொண்டே இருக்கின்றன. அங்கே ஒரு வழக்கம். ஆச்சி ஆளாளுக்கு மாவு அளந்து கொடுப்பார். பிசைந்த கைதான் சுற்ற வேண்டும். ஒருத்தி பிசைந்ததை இன்னொருத்தி சுற்றினால் முறுக்கு விரிசல் விடும் என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள். பிசைந்த மாவை மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்கவும் கூடாது. அதிக நேரம் காத்திருந்த மாவு எண்ணெயில் போட்டதும் சிவந்துபோகும். வேலை எப்போது முடியும் என்று கேட்டால், மாவு முடிகிறபோது என்பார்கள். மாவு எப்போது முடியும் என்று கேட்டால், ஆச்சி அளக்கிறதை நிறுத்தும்போது என்பார்கள்.

ஆகவே அம்மா ஒரு நாளும் படம் தொடங்குகிற நேரத்துக்கு வீட்டில் இருந்ததில்லை. அவள் வந்து உட்காரும்போது திரையில் மழை பெய்துகொண்டிருக்கும், வேலி அறுந்திருக்கும், யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள். விளம்பர இடைவேளையில் நானாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று யாருக்குத் தோன்றும்? தெரிந்துதான் இத்தனை ஆர்வமாகப் பார்க்கிறாள் என்று இருந்துவிட்டோம்.

அன்றைக்கே என் கட்டுரையில் ஒரு பகுதியைச் சேர்த்தேன். ‘பாதியில் வந்து சேர்கிறவர்களுக்கு’ என்று தலைப்பு. ஒவ்வொரு படத்துக்கும் முன்பாதியில் நடப்பதை நாலைந்து வரியில் சொல்லி, எந்தெந்தப் படத்துக்கு எங்கே தமிழ்ப் பேச்சு கிடைக்கிறது என்றும் எழுதினேன். அதைத் தேடப்போனதில்தான் இன்னொரு எரிச்சல். நாங்கள் சந்தா கட்டுகிற செயலியில் புதிய படங்களுக்குத் தமிழ் இருக்கிறது. கதை தொடங்குகிற முதல் படத்துக்கு இல்லை. தமிழில் கத்தவும் ஓடவும் விடுகிறார்கள், ஏன் ஓடுகிறோம் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்கிறார்கள். கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிக் கேட்டேன். “டப்பிங்ல பாக்குறதே பாவம் மாப்ள, சப்டைட்டில் போட்டுக் காட்டு” என்று ஒருவன் எழுதினான். நாலு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். எழுத்தே தெரியாத ஆளுக்கு எழுத்தைப் போட்டுக் காட்டச் சொல்கிற அறிவை என்னவென்று சொல்வது? அந்தக் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். அது யாருக்கும் பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

இதழின் ஆசிரியர் மறுநாள் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். எப்போதும் தம்பி என்றுதான் அழைப்பார்.

“நல்லா வந்திருக்கு தம்பி. கடைசிப் பகுதி மட்டும் வேணாம், எடுத்துடலாம்.”

“ஏன் சார்?”

“பாதியில வந்து உட்கார்ந்து யாரு படம் பாக்குறா? கதையச் சொல்லிட்டீங்கன்னு நம்ம வாசகர்கள் சண்டைக்கு வருவாங்க.”

“எங்க அம்மா அப்படித்தான் சார் பாக்குறாங்க.”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை. “அம்மாவா நம்ம கட்டுரையப் படிக்கப்போறாங்க?”

போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வந்தது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களில் வழி கேட்கிறவன் யார்? பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாதவன்தானே. படிக்கத் தெரிந்தவன் யாரையும் கேட்காமல் போய்விடுகிறான். வழிகாட்டி என்று பெயர் வைத்துவிட்டு, வழி தெரிந்தவர்களுக்காக மட்டும் எழுதுவது என்ன நியாயம்? கட்டுரை அந்தப் பகுதி இல்லாமல்தான் வந்தது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். கீழே கருத்துப் பகுதியில் வெளிவந்த வரிசைக் கட்சியும் கதை வரிசைக் கட்சியும் மறுபடி மோதிக்கொண்டன.

அந்தச் சமயத்தில்தான் செக்காலை ரோட்டில் சுவரொட்டியைப் பார்த்தேன். இந்தத் தொடரில் புதுப் படம் வரப்போகிறதாம். அதையொட்டி எங்கள் ஊர்த் தியேட்டர் ஒன்றில் முதல் படத்தை மறுபடி போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு காட்சி. கீழே கொட்டை எழுத்தில் ‘தமிழில்’ என்று போட்டிருந்தது. வண்டியை நிறுத்தி அந்த ஒரு சொல்லைப் படம் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் காட்டினேன். “மொதல்லேருந்து போடுவானா?” என்று கேட்டாள்.

“தியேட்டர்ல மொதல்லேருந்துதாம்மா போடுவான்.”

“அப்ப அந்த உண்டாக்குனதையும் காட்டுவானா?”

“அதத்தான் மொதல்ல காட்டுவான்.”

அம்மா அந்த வாரம் முழுக்க அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை மாலை, சேலை ஒன்றைத் துவைத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலை உண்டு. காலையிலேயே போய் மதியத்துக்குள் பங்கை முடித்துவிட்டு, அங்கேயே சேலையை மாற்றிக்கொண்டு கிளம்புவது என்று ஏற்பாடு. “நீ ரெண்டு மணிக்கு வண்டியக் கொண்டு வந்து நில்லு. நான் வாசல்ல நிப்பேன்” என்றாள்.

வாசலில் அவள் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனேன். முகப்பு, வளவு முற்றம் எல்லாம் தாண்டி இரண்டாங்கட்டில் எண்ணெய் வாசனை ஆளைத் தூக்கியது. நாலு பெண்கள் வெள்ளைத் துணி விரித்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மடித்த சேலை பைக்குள்ளேயே இருந்தது. அவள் கை இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் புது மாவுக்குள் இருந்தன.

“என்னம்மா இது?”

“சிங்கப்பூர் ஆர்டராம்ப்பா. இன்னைக்கே பார்சல் போகணுமாம். ஆச்சி அளந்துட்டாக.”

“படத்துக்குப் போறேன்னு சொன்னியா இல்லையா?”

“சொல்லணும்னுதேன் இருந்தேன்.”

பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த பெண், அம்மா மதினி என்று கூப்பிடுகிறவர், சிரித்துவிட்டார். “காலையிலேருந்து தொண்டை வரைக்கும் வருது, உங்க ஆத்தாவுக்கு. வாய்க்கு வரமாட்டேங்குது.”

ஆச்சி அடுப்புக்கு அந்தப்பக்கம் நாற்காலியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்தார்.

“என்ன, எழுத்தாளரு கோவமா வாரீக?”

“அம்மாவ சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன் ஆச்சி. டிக்கெட் எடுத்தாச்சு.”

“என்ன படம்?”

“டைனோசர் படம்.”

“அந்தப் பல்லிப் படமா? அதத்தான் டிவியில ஆயிரம் தடவ போட்டுட்டானே. உங்க ஆத்தா அதப் பத்திப் பேசாத நாளே இல்ல.”

“அம்மா ஒரு தடவகூட ஆரம்பத்தப் பாத்ததில்ல ஆச்சி.”

“ஏன் பாக்கல?”

அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்க மாவு அளக்குறதாலதான்!” என்று கத்திவிட்டேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மதினி, “இந்தா பாரு, இவன வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்” என்று முணுமுணுத்தார்.

ஆச்சிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “நான் அளக்குறேன், சரி. வேணாம்னு இவ சொன்னாளா? ஏத்தா, நீ சொன்னியா? சொல்லி நான் கேக்கலையா?”

அம்மா மாவை இன்னொரு தடவை உருட்டிப் பிசைந்தாள்.

“இவ வாயே தொறக்கலை, நீங்க வந்து என்னைய ஏசுறீக. நல்லாருக்கு நியாயம்.” ஆச்சி எழுந்து வந்து அம்மாவின் மாவை விரலால் அழுத்திப் பார்த்தார். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. “இப்பத்தேன் பிசைஞ்சிருக்கா. இடைவேளை வரைக்கும் தாங்கும். ஈரத்துணியப் போட்டு மூடிட்டுப் போ. இடைவேளை விட்டதும் ஓடியாந்துரணும். அதுக்கு மேல இருந்தா செவந்துரும், சொல்லிப்புட்டேன்.”

“அதென்ன ஆச்சி, பாதிப் படத்துக்கு மட்டும் அனுமதி?” என்று நான் ஆரம்பித்தேன். இவ்வளவு அநியாயமான தீர்ப்பை நான் எங்கேயும் கேட்டதில்லை. ஒரு மனுஷி வாழ்க்கை முழுக்கப் பாதிப் படம் பார்த்திருக்கிறாள். அதற்குப் பரிகாரமாக இன்னொரு பாதியைக் கொடுக்கிறார்களாம். அதையும் மாவு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்துக் கொடுக்கிறார்களாம். எனக்குப் பேச்சு கோர்வையாக வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா கையைக் கழுவித் துணியை நனைத்து மூடிவிட்டு, சேலையை மாற்றுவதற்கு நேரமில்லை என்று பையோடு வாசலுக்கே போய்விட்டாள்.

“வாடா” என்றாள் அங்கிருந்து. “நீ பேசிக்கிட்டே நின்னா ஆரம்பம் போயிரும்.”

தியேட்டருக்குள் நுழையும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “லைட்டு அணைக்கல. அப்ப ஒண்ணும் போகலைல?” என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். நல்ல கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ‘தமிழில்’ என்று போட்டதற்கு வந்த கூட்டம். எங்களுக்குப் பின்வரிசையில் என் வயதுப் பையன்கள் மூன்று பேர், டைனோசர் எலும்புக்கூடு அச்சடித்த கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. படம் தொடங்கியது. ஒருவன் வாயைத் திறந்தான். ஆங்கிலம்.

இருட்டில் ஒரு சலசலப்பு. கொஞ்ச நேரத்தில் மாறிவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மாறவில்லை. நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். டிக்கெட் கிழிக்கிறவர் கதவோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இங்கிலீசுல ஓடுது. போஸ்டர்ல தமிழ்னு போட்டிருக்கீங்க.”

“தமிழ் வரல தம்பி. கடைசி நேரத்துல இதான் வந்துச்சு.”

“அப்ப போஸ்டர மாத்தியிருக்கணும்ல?”

“படம் பாக்க வந்தீகளா, பேச்சுக் கேக்க வந்தீகளா? அந்த டைனோசரு என்ன பாஷ பேசுது, சொல்லுங்க?” டீயை ஊதிக் குடித்தார். “உர்ருன்னு வந்தா எல்லாத்துக்கும் புரிஞ்சிரும். போங்க, போயி உக்காருங்க.”

இவரோடு சண்டை போட எனக்கு ஒரு முழு நாளும் போதாது. ஆனால் உள்ளே அம்மாவின் ஆரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி ஓடிவந்து உட்கார்ந்து, அவள் காதுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். இவர் பெரிய பணக்காரர். இவர்கள் எலும்பு தோண்டுகிறவர்கள். தீவைப் பார்த்து நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார். அம்மா கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல் தலையை மட்டும் என் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

“பாஸ்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “கொஞ்சம் வாய மூடுறீங்களா? படம் பாக்கணும்.”

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா திரும்பிவிட்டாள். ஆச்சி முன்னால் தலைகுனிந்திருந்தவள் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

“தம்பி, நீங்க முன்னாடியே பாத்திருக்கீகளா?”

“நூறு தடவ பாத்திருக்கேன்மா.”

“நான் இப்பத்தேன் மொதத்தடவ பாக்குறேன். நூத்தியோராவது தடவைய நாளைக்கிப் பாத்துக்கங்க.”

அந்தப் பையனின் நண்பர்களே சிரித்துவிட்டார்கள். முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திரும்பினார். “ஏந்தம்பி, சொல்லுறதுதான் சொல்லுறீக, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எங்களுக்கும் தமிழ்னுதேன் டிக்கெட்டு குடுத்தான்.”

அதன் பிறகு நான் காதுக்குள் பேசவில்லை. அந்த வட்டாரத்தில் நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். என் ஆங்கிலம் கல்லூரியில் அழுது அழுது படித்த ஆங்கிலம். சில இடங்களில் விட்டுப்போனது. அங்கெல்லாம் பின்வரிசைக் கறுப்புச் சட்டைக்காரன், முணுமுணுத்துக்கொண்டேதான் என்றாலும், எடுத்துக்கொடுத்தான். நூறு தடவை பார்த்தேன் என்று அவன் சொன்னது பொய் இல்லை.

பழைய கொசு ஒன்று பிசினுக்குள் மாட்டிக்கொண்டதையும், அது குடித்த ரத்தத்திலிருந்து இந்த மிருகங்களை எடுத்தார்கள் என்பதையும் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கொசுவா?”

“ஆமாம்மா.”

“ஒரு கொசுக்கடியிலேருந்தா இம்புட்டு அக்கப்போரு?”

முன்வரிசைப் பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் முட்டை உடைந்து குட்டி தலையை நீட்டுகிற காட்சி வந்தது. வெள்ளைக்கோட்டுப் போட்டவர்கள் சுற்றி நின்று பூரித்துப் போகிறார்கள். “இதுக்கு ஆத்தா எங்கே?” என்று கேட்டாள்.

“ஆத்தா கெடையாதும்மா. இவங்களேதான் உண்டாக்குறாங்க.”

“எதுக்கு?”

“டிக்கெட் போட்டுக் காட்டுறதுக்கு.”

அவள் மறுபடி திரைக்குத் திரும்பினாள். மழை வந்தது. தீவில் மின்சாரம் போனது. வேலியில் கரண்ட் இல்லை என்று தெரிந்து எல்லோரும் விறைத்து உட்கார்ந்திருக்கும்போது திரையில் இடைவேளை என்று வந்தது. அம்மா பெருமூச்சு விட்டாள்.

“இங்கேருந்து எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை. மாவாவது மண்ணாவது என்று சொன்னேன். ஒரு நாள் முறுக்கு சிவந்தால் சிங்கப்பூரில் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை என்றேன். போஸ்டரில் பொய் சொன்னவன், செயலியில் ஆரம்பத்தை ஒளித்தவன், ‘நம்ம வாசகர்கள்’ என்ற ஆசிரியர், அனுமதி கொடுத்த ஆச்சி, எல்லோரையும் சேர்த்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே திட்டினேன். அம்மா நின்றுகொண்டே கேட்டாள்.

“நீ திட்டுறதெல்லாம் சரிதேன்” என்றாள். “ஆனா அது நான் பிசைஞ்ச மாவு.”

வண்டியில் வரும்போது வழியெல்லாம் பின்னாலிருந்து அவள் குரல்தான். “அங்ஙன இருந்ததுகள இவய்ங்க போயிச் சீண்டுறாய்ங்கன்னுல்ல இத்தன நாளா நெனச்சேன். இவய்ங்களே உண்டாக்கிட்டு, இவய்ங்களே கூண்டுல போட்டு, இவய்ங்களே அய்யோ அம்மான்னு ஓடுறாய்ங்க. அதுக கேட்டா பொறந்துச்சு?” ஆச்சி வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது, “மொதல்ல தெரியாம திட்டுனேன். இப்பத் தெரிஞ்சே திட்டுவேன்” என்றாள்.

இரண்டாங்கட்டில் அம்மாவின் மாவு அவள் வைத்த இடத்திலேயே ஈரத்துணிக்குள் இருந்தது. யாரும் தொடவில்லை. மற்றவர்கள் அவரவர் பங்கைக் கிட்டத்தட்ட முடித்திருந்தார்கள். இவளுக்கு மட்டும் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்ததும் அடங்கியிருந்த கோபம் எனக்கு மறுபடி ஏறியது. நாலு பேர் வேலை முடியப்போகும்போது ஒருத்தியின் மாவு காத்துக் கிடக்கிறது. இதற்கு வழக்கம் என்று பெயர்.

அம்மா உட்கார்ந்து மாவைக் கிள்ளிச் சுற்ற ஆரம்பித்தாள்.

“என்ன, படம் முடிஞ்சிருச்சா?” என்று மதினி கேட்டார்.

“பாதி பாத்தேன். முன்பாதி.”

“நாங்க எல்லாரும் பின்பாதிதேன் பாத்திருக்கோம். முன்னாடி என்ன, சொல்லு.”

அவர்களும்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதே மாவு, இதே எண்ணெய், இதே நேரத்துக்கு வீடு. அம்மா சுற்றிக்கொண்டே கொசுவிலிருந்து தொடங்கினாள். ஒரு பெண், “பொய் சொல்லாத” என்றார். இன்னொருவர், “அப்ப அந்தப் பெரிசுக்கு ஆத்தா அப்பன் கெடையாதா?” என்று கேட்டுவிட்டுச் சட்டியில் கரண்டியை வைத்தபடி நின்றுவிட்டார்.

“கருகுது பாரு” என்றார் ஆச்சி.

நான் ஆச்சியிடம் போனேன். “ஆச்சி, புதுப் படம் வருது. அன்னைக்கு அம்மா மாவு பிசைய மாட்டாங்க. இப்பவே சொல்லிட்டேன்.”

“அத உங்க ஆத்தா சொல்லட்டும்” என்றார் ஆச்சி.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். நான் அவளுக்குப் பதிலாகச் சொல்ல நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அம்மா ஒரு முறுக்கின் கடைசிச் சுற்றை முடித்து, நுனியை அழுத்தி ஒட்டி, துணியில் வைத்தாள்.

“அன்னைக்கு எனக்கு அளக்காதீக ஆச்சி,” என்றாள். “நான் மொதல்லேருந்து பாக்கணும். கடைசி வரைக்கும் பாக்கணும்.”

ஆச்சி சட்டிக்குப் போய்க் கரண்டியை வாங்கி, கருகப்போன முறுக்கைத் திருப்பிப் போட்டார். பிறகு, எங்கள் பக்கம் திரும்பாமலே, “என்னைக்கின்னு முன்கூட்டியே சொல்லிரு” என்றார்.